அக்கா இந்தியர்... தம்பி அந்நியர்! ஒரே முகாமில் பிறந்தவர்களைப் பிரிக்கும் அந்த இரண்டு தேதிகள்

2025 நவம்பரில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தொகுதிகளில் வீடு வீடாக ஒரு படிவம் வந்தது நினைவிருக்கும். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். இருபது வருடங்களுக்கு முந்தைய பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறதா, அம்மா பெயர் இருக்கிறதா என்று பல வீடுகளில் தேடல் நடந்தது. ஆவணம் கேட்கப்படுபவர்களுக்கு அதில் மூன்று பிரிவுகள் இருந்தன. 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்கள், அதிலிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்கள், அதற்குப் பின் பிறந்தவர்கள்.

‘இது என்ன தேதிக் கணக்கு?’ என்று பலரும் குழம்பினார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது சில நாள் தலைவலி. படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் தீர்ந்துவிட்டது. ஆனால், இதே இரண்டு தேதிகளுக்கு நடுவே வாழ்க்கை முழுக்க மாட்டிக்கொண்டவர்கள் சென்னையைச் சுற்றியே இருக்கிறார்கள். புழல் ஏரியின் ஒரு பக்கம் அம்பத்தூர் என்றால், இன்னொரு பக்கம் காவாங்கரை. அங்கே ஒரு முகாம். கும்மிடிப்பூண்டியில் அதைவிடப் பெரிய முகாம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்பது இப்போதைய பெயர். 2021 ஆகஸ்ட் வரை அகதிகள் முகாம்கள்.

தமிழகம் முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். உள்ளேயும் வெளியேயும் சேர்த்து ஏறத்தாழ 90,000 பேர். இவர்களில் ஒரு தலைமுறை கடலைத் தாண்டி வந்தது. அடுத்த தலைமுறை இங்கேயே, அரசு மருத்துவமனைகளில் பிறந்தது. எல்லைப் பாதுகாப்பு பற்றிய அரசியல் விவாதம் சூடாகும்போதெல்லாம் பேச்சு முதல் தலைமுறையைப் பற்றியே நடக்கிறது. அதன் விலையைக் கொடுப்பது இரண்டாம் தலைமுறை.

ஒரு குடும்பக் கணக்கு

எளிதாகப் புரிய, ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து மண்டபத்தில் இறங்கிய ஒரு தம்பதி. முகாமிலேயே மூன்று பிள்ளைகள். மூத்தவள் 1986-ல் பிறக்கிறாள். அடுத்தவன் 1993-ல். கடைசிப் பையன் 2006-ல்.

1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் யார், எப்படி வந்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. ஆக, அக்கா இந்தியர்.

அந்தத் தேதியிலிருந்து பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆக, நடுப் பையன் இந்தியர் இல்லை.

2003-ல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2004 டிசம்பர் 3-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் பிறந்தால் பெற்றோர் இருவருமே இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இல்லாமல் இருக்க வேண்டும். கடைசிப் பையனும் இந்தியர் இல்லை.

ஒரே தாய் வயிறு, ஒரே முகாம், ஒரே ரேஷன் கடை. அக்காவுக்கு பாஸ்போர்ட் உரிமை உண்டு. தம்பிகளுக்கு இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண், தனக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். பிறப்பாலேயே அவர் இந்தியர் என்று சொல்லி, பாஸ்போர்ட் வழங்கும்படி 2022 ஆகஸ்ட்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் அவர் வாக்களித்தபோது வயது 37. சட்டப்படி பிறந்த அன்றே கிடைத்திருக்க வேண்டிய உரிமைக்கு அத்தனை வருடங்கள் ஆயின.

1993-ல் திருச்சியில் பிறந்த இன்னொரு பெண்ணும் அதே நீதிமன்றத்தை அணுகினார். அவர் பிறந்தது 1987-க்குப் பின் என்பதால் நேரடியாகக் குடியுரிமை தர வழியில்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு இலங்கைத் தமிழர்களுக்கும் பொருந்தக்கூடியதே என்று சொன்ன நீதிபதி, அவருடைய விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் உத்தரவிட்டார். முதல் பெண்ணுக்குக் கிடைத்தது உரிமை. இரண்டாவது பெண்ணுக்குக் கிடைத்தது விண்ணப்பிக்கும் வாய்ப்பு. நடுவில் இருப்பது ஏழு வருட வித்தியாசம் மட்டுமே.

‘நுழைந்தவர்’ யார்?

சட்டவிரோதக் குடியேறி என்றால் யார்? முறையான பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது ஆவணத்தோடு நுழைந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர். சட்டத்தில் உள்ள வரையறை இதுதான்.

‘நுழைந்த’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். படகில் வந்த அப்பா நுழைந்தவர்தான். குண்டு விழும்போது பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் யார் நிற்பார்கள் என்ற கேள்வி இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர் ஆவணமின்றி வந்தவர். ஆனால், இங்கேயே ஒரு பிரசவ வார்டில் பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தது?

நேரடி அர்த்தத்தில் அந்தக் குழந்தை இந்த வரையறைக்குள் வராது. ஆனால், அப்பா அம்மா மேல் விழுந்த முத்திரை, குழந்தையின் பிறப்புவழிக் குடியுரிமையை அடைத்துவிடுகிறது. வளர்ந்தபின் விண்ணப்பித்துப் பெறலாம் என்றால், அந்த வாசலிலும் சட்டவிரோதக் குடியேறிகளுக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறது. முகாம் அடையாள அட்டையோடு போகிறவர்களின் மனு அங்கேயே தேங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு முரண். முகாம்களில் இருப்பவர்களில் மலையகத் தமிழர்களும் உண்டு. இவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிச்செல்லப்பட்டவர்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா ஒப்புக்கொண்டது. 1984-ல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனது. அதன் பிறகு உயிர் பிழைக்க மீன்பிடிப் படகில் வந்தவர்கள் அகதிக் கணக்கில் சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், இவர்களை முடிவில்லாமல் நாடற்றவர்களாக வைத்திருப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்கு எதிரானது என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை கூறியது.

படிப்பு இருக்கிறது, வேலை எங்கே?

தமிழகம் இவர்களைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. அரசுப் பள்ளிக் கதவு திறந்தே இருந்தது. ரேஷன் உண்டு, மாத உதவித்தொகை உண்டு. 2021 ஆகஸ்ட் 27-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழைய ஓட்டை வீடுகளுக்குப் பதில் 7,469 புதிய வீடுகள், கல்லூரி மாணவர்களுக்குக் கூடுதல் உதவித்தொகை, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என உதவி உயர்ந்தது.

ஆனால், மாநில அரசால் வீடு தர முடியும், குடியுரிமை தர முடியாது. அது மத்திய அரசின் கையில் இருக்கிறது. சிக்கல் தொடங்குவது கல்லூரிப் படிப்பு முடிந்த மறுநாள்.

சட்டம் படித்தால், வழக்கறிஞராகப் பதிவு செய்ய பொதுவாக இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது வழக்கறிஞர்கள் சட்டம். பொறியியல் படித்தால், ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை மாதிரியான இடங்களை எட்டிப் பார்க்கவே முடியாது. ஐ.டி. நிறுவனத்தில் வேலை கிடைத்தாலும், ‘ஆன்சைட்’ அனுப்ப பாஸ்போர்ட் கேட்பார்கள். ஆதார் அட்டை இருக்கலாம். அது வசிப்பதற்கான அடையாளமே தவிர, குடியுரிமைக்கான சான்று அல்ல.

முகாமில் தணிக்கை நாள் என்று ஒன்று உண்டு. வருவாய்த் துறை அதிகாரி வந்து பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். அன்றைக்கு வேலைக்கு விடுப்பு. ‘உங்க வீட்ல என்ன விசேஷம், மாசாமாசம் லீவு கேக்குறீங்க?’ என்று கேட்கும் மேனேஜரிடம் என்ன பதில் சொல்வது? பட்டம் வாங்கிய பையன்கள்கூட பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போவது முகாம்களில் பழகிப்போன காட்சி. அந்த வேலைக்கு யாரும் ஆவணம் கேட்பதில்லை.

கல்யாணத்திலும் குறுக்கே நிற்கும் சட்டம்

குடும்பங்களை நேரடியாகத் தொடும் இடம் இதுதான். முகாமில் வளர்ந்த பெண்ணை உள்ளூர்ப் பையன் கட்டிக்கொள்வது இன்று சாதாரணம். பையன் இந்தியர், பெண்ணின் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். வெளிநாட்டவர் ஒருவர் இந்தியரைத் திருமணம் செய்தால், ஏழு வருடம் இங்கே வசித்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்படுபவருக்கு அந்த வழியும் கிடையாது.

பிறக்கும் குழந்தை? அம்மா சிறுவயதில் படகில் வந்தவராக இருந்தால், 2004-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தும் பிறப்பால் குடியுரிமை இல்லை. தாத்தா காலத்தில் நடந்த ஒரு படகுப் பயணம் பேரன் வரை வந்து நிற்கிறது. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஊரில், பிறந்த தேதியைவிட மாமனார் வந்த தேதி முக்கியமாகிவிட்டது.

டெல்லியில் நடந்த விவாதம்

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு மதத்தினருக்கு அது வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலங்களவையில் அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது. இலங்கைத் தமிழர்களுக்கு இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்றது. எதிர்த்த தி.மு.க., ஆட்சிக்கு வந்தபின் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது. ஆனால், மத்தியில் கூட்டணி அமைச்சரவையில் அந்தக் கட்சி இருந்த வருடங்களிலும் இந்தச் சிக்கல் தீரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய ஒப்பந்தங்களின்படி 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்களுக்கு ஏற்கெனவே குடியுரிமை கொடுத்திருக்கிறோம் என்பது மத்திய அரசின் பதில். அது உண்மை. ஆனால், அந்தக் கணக்கில் முகாம்களில் பிறந்த பிள்ளைகள் வரமாட்டார்கள்.

2025 மார்ச்சில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் மசோதா மீது மக்களவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, இந்த நாடு தர்ம சத்திரம் அல்ல என்றார். இரண்டு மாதம் கழித்து, தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. தமிழ்நாட்டுச் சாலைகளில் சத்திரங்கள் இருந்த காலத்தில், வழிப்போக்கர் ஓரிரு நாள் தங்கிவிட்டுப் போவார். நாற்பது வருடமாக ஒருவர் அங்கேயே இருந்து, பிள்ளை பெற்று, பேரனும் எடுத்துவிட்டால் அவரை வழிப்போக்கர் என்று சொல்ல முடியுமா?

அந்தச் சட்டம் 2025 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஆவணமின்றி நுழைந்தால் 5 வருடம் வரை சிறை, 5 லட்ச ரூபாய் வரை அபராதம். அன்றே வந்த விலக்கு ஆணையில் ஒரு நிம்மதியும் இருந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு. ஜெயில் பயம் நீங்கியது நல்ல விஷயம். ஆனால், அந்த ஆணை தருவது தண்டனையிலிருந்து விலக்கு, குடியுரிமை அல்ல. 2022-ல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய 200-க்கும் மேற்பட்டோருக்கு அந்த விலக்கும் பொருந்தாது.

மறுதரப்பின் கேள்விகள்

இதற்கு எதிர்க் கருத்துகளும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, பாதுகாப்பு. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பூந்தமல்லியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் போனால் வரும் ஊர் அது. வழக்கு நடந்ததும் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில். சந்தேகத்துக்கு உள்ளானவர்களை அடைத்துவைத்த சிறப்பு முகாம் ஒன்றும் பூந்தமல்லியில் பல வருடங்கள் இயங்கியது. அந்தக் கொலைக்குப் பிறகு அகதிகள் மேல் விழுந்த சந்தேகம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால், 1991-க்குப் பிறகு பிறந்த ஒருவர் இன்று முப்பது வயதைத் தாண்டியவர். பிறந்ததிலிருந்து கியூ பிரிவு போலீஸின் பதிவேட்டில் இருப்பவர். இந்தியாவிலேயே அதிகம் சரிபார்க்கப்பட்ட இளைஞர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

இரண்டாவது, போர் 2009-ல் முடிந்துவிட்டது, திரும்பிப் போகலாமே என்ற கேள்வி. போக விரும்புகிறவர்களுக்கு அந்த வழி இருக்க வேண்டும். போனவர்களும் உண்டு. வடக்கு, கிழக்கில் தமிழர் எண்ணிக்கை குறையக் கூடாது என்று வாதிடும் ஈழத் தலைவர்களும் உண்டு. ஆனால், 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு முறையான ஆவணமில்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். வந்தபோதும் குற்றம், திரும்பினாலும் குற்றம். யாழ்ப்பாணத்தைப் பார்த்தே இராத பிள்ளையை ‘திரும்பிப் போ’ என்று சொல்வதில், ‘திரும்பி’ என்ற சொல்லுக்கே பொருளில்லை.

மூன்றாவது, இவர்களுக்குக் கொடுத்தால் நாளை இன்னும் படகுகள் வருமே என்ற அச்சம். உண்மையில் ஆவணம் கொடுக்காமல் வைத்திருப்பதும் படகுகளை உண்டாக்குகிறது, எதிர்த் திசையில். 2021 அக்டோபரில் இந்தியாவிலிருந்து கனடா நோக்கிக் கிளம்பிய இலங்கைத் தமிழர்களின் படகு ஒன்று நடுக்கடலில் பழுதாகி, டியாகோ கார்சியா தீவில் போய் நின்றது. குழந்தைகள் உட்பட பலர் மூன்று வருடங்களுக்கு மேல் அங்கே கூடாரங்களில் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவில் இதே விவாதம் ‘ட்ரீமர்கள்’ என்ற பெயரில் நடக்கிறது. சிறுவயதில் பெற்றோரால் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் இருக்கவும், வேலை செய்ய அனுமதிக்கவும் 2012 ஜூனில் ஒபாமா ஒரு திட்டம் கொண்டுவந்தார். 2017-ல் டிரம்ப் அதை ரத்து செய்ய முயன்றார். 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்த முயற்சியைத் தடுத்தது. வழக்குகள் ஓயவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே எல்லை தாண்டி வந்த அண்ணனுக்கு ஆவணம் இல்லாவிட்டாலும், அந்த மண்ணில் பிறந்த தம்பி குடிமகன் என்பதே நீண்டகால நடைமுறை. அதையும் மாற்ற 2025-ல் டிரம்ப் உத்தரவிட்டது நீதிமன்றப் படியேறியது. நம் முகாம்களில் கதை தலைகீழ். முன்னே பிறந்தவர் குடிமகன், பின்னே பிறந்தவர் அந்நியர்.

பிரிட்டன் எடுத்த வழி நமக்கு இன்னும் பொருத்தமானது. 1983-லேயே அந்த நாடு, மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதியை நிறுத்திவிட்டது. எல்லை விஷயத்தில் தாராளமான நாடு என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. அங்கே பிறந்து, முதல் பத்து வருடங்கள் அங்கேயே வளர்ந்த குழந்தை குடிமகனாகப் பதிவு செய்துகொள்ளலாம். பெற்றோரின் விசா நிலை தடையாகாது. பெற்றோர் வந்த விதத்தை அங்கீகரிக்காமலேயே, குழந்தை வளர்ந்த இடத்தை அங்கீகரிக்கும் ஏற்பாடு இது.

இந்தியாவிலும் இப்படி ஒரு பிரிவைச் சேர்ப்பதற்கு எல்லையில் ஒரு காவலரைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை. புதிய சட்டத்தின் தண்டனைகளைத் தளர்த்த வேண்டியதில்லை. 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இதுவரை கையெழுத்திடவில்லை. அதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. இங்கே பிறந்து, இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும் பதிவு செய்யும் உரிமை. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், முகாம் பதிவேடு என எல்லா ஆதாரங்களும் அரசின் அலமாரியிலேயே இருக்கின்றன.

எல்லையைக் காப்பது அரசின் உரிமை. அதில் இரண்டு கருத்து இல்லை. எல்லை தாண்டியவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை, எல்லையையே பார்க்காதவரிடம் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பிரச்னை. இந்த வருடம் பிளஸ் டூ தேர்வு எழுதும் முகாம் மாணவர், கல்லூரி முடித்து வெளியே வர இன்னும் மூன்று, நான்கு வருடங்கள் ஆகும். நாற்பது வருடங்கள் எடுத்துக்கொண்ட டெல்லிக்கு, அவர் பட்டம் வாங்குவதற்குள் ஒரு பிரிவைச் சேர்க்க அந்த அவகாசம் போதும்.